பதினெட்டு வெள்ளைச் சட்டைகளும் என் மஞ்சள் பொட்டும்

அது 1997-ஆம் வருடம், நவம்பர் மாதக் கடைசி. அப்போது நாங்கள் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். ஊர் சின்னது, அங்கிருந்த கல்லூரி பெரியது. கல்லூரியை எடுத்துவிட்டால் ஊரில் நான்கு சிக்னலும் ஒரு பெட்ரோல் பங்கும்தான் மிஞ்சும்.

நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவது, செக்கிங், பேக்கிங் என்று ஐந்து வருடம் வேலை பார்த்தேன். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எங்களுக்கு கிரீன் கார்டு வந்து, மகளும் நான்காம் வகுப்புக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கல்லூரிக்கு எதிரே இருந்த ஒரு டி-ஷர்ட் பிரிண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடல் தாண்டி வந்தும் பனியன் துணி என்னை விடவில்லை என்று கணவர் கேலி செய்வார்.

கடையில் மொத்தமே மூன்று பேர். முதலாளியம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வாய் நிறைய எல்லோரையும் ‘ஹனி’ என்று கூப்பிடுவார். பிரிண்டர், சிறு வயதில் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர். அந்தக் கடையிலேயே இருபது வருடம் ஆனவர். என்னை ‘சிஸ்டர்’ என்பார். மூன்றாவது ஆள் நான். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். எனக்குப் புரிந்த விதத்தில், என் தமிழில் எழுதுகிறேன்.

அங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலையில் கவசம் போட்டு, ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுகிற ஆட்டம். எங்கள் ஊர்க் கல்லூரிக்கு நீலமும் வெள்ளையும். மூன்று மணி நேரம் தள்ளியிருந்த இன்னொரு ஊர்க் கல்லூரிக்கு மஞ்சளும் கறுப்பும். இரண்டுக்கும் எத்தனையோ வருடத்துப் பகை. வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசி சனிக்கிழமை மோதுவார்கள். அந்த ஒரு வாரம் ஊரே விரதம் இருப்பது போலத்தான் இருக்கும். ஊருக்குள் மஞ்சள் ஆகாது.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எங்கள் கடையில் அந்த வாரம் மஞ்சள் பென்சிலை எல்லாம் டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களுக்கு நீலத்தாளில் அட்டை போடுவார்கள். சாண்ட்விச்சில் கடுகு சாஸ் கிடையாது. ஸ்கூல் பஸ்ஸை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது கடையைத் தாண்டும்போது முதலாளியம்மா முதுகைத் திருப்பிக்கொள்வார். என் மகள்கூட அந்த வாரம், “அம்மா, நோ யெல்லோ, ப்ளீஸ்” என்று பாட்டி அனுப்பிய கவுனைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

என் கழுத்தில் இருந்தது மஞ்சள் கயிறு. சேர்ந்த புதிதில் ஒரு நாள் முதலாளியம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஹனி, இது என்ன கலரு?” என்று கேட்டார்.

“கல்யாணக் கயிறு, மேம். கழட்டக் கூடாது.”

“சரி, போகட்டும். கல்யாணம் பண்ணினவங்க ஏற்கெனவே கஷ்டப்பட்டுட்டுதான் இருப்பாங்க” என்றார். பிரிண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய மனைவி அந்த மஞ்சள் கல்லூரியில் படித்தவர். அதனால் அந்த வாரம் முழுக்க முதலாளியம்மாவுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை நடந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் வேண்டுமென்றே மஞ்சள் காலுறை போட்டுக்கொண்டு வந்து, பேண்ட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். “நீ அந்தக் காலோட உள்ள வரக் கூடாது” என்று முதலாளியம்மா அவரை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டார்.

எனக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாகத்தான் தெரிந்தது. மங்கலம் என்றாலே மஞ்சள் என்று வளர்ந்தவள் நான். மஞ்சளைப் பார்த்து முதுகைத் திருப்புகிறவர்களை எப்படி எடுத்துக்கொள்வது?

அந்த வாரத்தில் எங்கள் கடைக்கு வரும் ஆர்டர்களிலேயே முக்கியமானது மிகச் சிறியது. நாற்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கல்லூரிக்கு விளையாடி, மஞ்சள்காரர்களை வெகு காலத்துக்குப் பிறகு ஜெயித்த ஒரு அணி இருந்தது. அதில் விளையாடியவர்கள் வருடா வருடம் இந்த ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்குள் வரிசையாக நடப்பார்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை. முதுகில் நீலத்தில் பெரிதாக அவரவர் எண். முன்பக்கம், கீழ் ஓரத்தில், இடது பக்கம், பொடிப்பொடியாக ஏழெட்டு எண்கள். அந்தப் பொடி எண்கள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. திருப்பூரில் துணிக்கு ஸ்டைல் நம்பர் போடுவது போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பதினெட்டுச் சட்டைகள். அதில் 61 என்ற எண் முதலாளியம்மாவின் கணவருடையது. அந்தக் கோடையில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். நடக்கலாமா, கூடாதா என்று டாக்டர் இழுத்துக்கொண்டே இருந்து, அந்த வாரம்தான், மெதுவாக நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். முதலாளியம்மா அதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த இன்ச் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. மறுநாள் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, கடை லீவு. இருவரும் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்தேன்.

என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் அது. அம்மா தபாலில் அனுப்பியது. எங்கள் வீட்டில் புதுத்துணி எதுவானாலும் ஓரத்தில் ஒரு சொட்டு மஞ்சள் தடவாமல் உடுத்த மாட்டோம். பள்ளிக்கூடச் சீருடையானாலும் சரி, கர்ச்சீப்பானாலும் சரி. முதலாளியம்மாவின் கணவர் பிழைத்து வந்து முதன்முதலாகப் போடப்போகும் புதுத்துணி. அதை அப்படியே வெறுமனே மடித்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

மூடி ஒன்றில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மஞ்சளைக் குழைத்து, 61-ஆம் எண் சட்டையின் கீழ் ஓரத்தில், உள்பக்கமாக, அந்தப் பொடி எண்களுக்குப் பின்னால் வைத்தேன். உள்பக்கம்தானே, யாருக்கும் தெரியாது என்று எண்ணம். வைத்த பிறகு, ஒருவருக்கு மட்டும் வைத்துவிட்டு மற்ற பதினேழு பேருக்கும் வைக்காமல் விடுவது சரியில்லை என்று தோன்றியது. எல்லோருமே வயசானவர்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள். பதினெட்டுக்கும் வைத்தேன். “ஆத்தா, எல்லாத்தையும் நல்லபடியா நடக்க வை” என்று கும்பிட்டு, பெட்டியை மூடி, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி மனதுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை. சாயங்காலம் நான்கு மணிக்கு முதலாளியம்மாவின் கணவர் வந்து சட்டைகளை எடுத்துக்கொண்டு போய், வெளியூரிலிருந்து வந்து ஓட்டலில் தங்கியிருக்கும் நண்பர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எண்ணிப் பார்க்க முதலாளியம்மா பெட்டியைத் திறந்தார்.

ஈர மஞ்சளை வைத்து, மடித்து, அடுக்கி, ஒரு நாள் முழுக்க அழுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று ஐந்து வருடம் பேக்கிங் பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் வெளியே ஊறி வந்திருந்தது. பொடி எண்களின் மேலேயே, ஒரு கால் ரூபாய் அகலத்துக்கு, பளிச்சென்று. ஒன்றிரண்டு இல்லை, பதினெட்டிலும்.

முதலாளியம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. பிறகு பிரிண்டரைப் பார்த்துத் திரும்பினார்.

“இதுல என்னய்யா உனக்கு வெளையாட்டு?”

பிரிண்டர் முதலில் சிரித்தார். அந்த வாரம் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர் இடத்தில் ஒருவர் புகுந்து, சிலைக்குச் சாயம் பூசுவது, கொடியைத் திருடுவது என்று குறும்பு செய்வது வழக்கம். அவர் மனைவி வேறு மஞ்சள்காரி. “நான் காலுறையோட நிறுத்திட்டேன், மேம்” என்றார்.

“பொய் சொல்லாதே. சாவி உங்கிட்டதான் இருக்கு. இருபது வருஷமா எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டவன் நீ.”

அப்போது பிரிண்டரின் சிரிப்பு நின்றது. ஒரு சட்டையைக் கையில் வாங்கி ஓரத்தைப் பார்த்தார். “மேம், செத்துப்போனவங்க நம்பரு மேல நான் கை வெப்பேனா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?” என்றார்.

அந்த எண்கள் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அணியில் யார் இறந்துபோனாலும், அவர் எண் முதுகிலிருந்து எல்லோருடைய சட்டை ஓரத்துக்கும் வந்துவிடும். இருக்கிறவர்கள் இல்லாதவர்களையும் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். நான் மஞ்சள் வைத்தது அவற்றின் மேல்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம். நான் உடனே பேசவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பேப்பர் கட்டு ஒன்றை நேராக அடுக்குவது போல அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்ற திகைப்பு ஒரு பக்கம். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் ஒரு பாவமும் அறியாத மனிதர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் தன்னுடைய ஏப்ரனை அவிழ்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“மேம், அவர் இல்ல. நான்தான் வெச்சேன்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் வழக்கம், புதுத்துணி, அம்மன், அவர் கணவரின் ஆபரேஷன், எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது. முதலாளியம்மா மேலே இருந்த 61-ஆம் எண் சட்டையை எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

“சோப்புப் போடாதீங்க!” என்று நான் தமிழில் கத்தினேன். அதற்குள் போட்டுவிட்டார். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவந்துவிடும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? கறை அப்படியே ரத்தச் சிவப்பாக மாறியது. நெஞ்சில் வெட்டுப்பட்ட மனிதனுடைய சட்டையில் சிவப்பு. முதலாளியம்மா சட்டையைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு சட்டையில் அடிக்கலாம் என்றால் வெள்ளை ஸ்டாக் தீர்ந்துவிட்டது, கடையில் இருந்ததெல்லாம் நீலம். லாரி வருவது திங்கட்கிழமை. ஆட்டமோ மறுநாள்.

நான் பின்பக்கம் போய்க் கணவருக்கு போன் செய்தேன்.

“ஏனுங்க, எனக்கு வேல போயிருச்சுன்னு நெனைக்கறனுங்க.”

விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. “ஏன் புள்ள, உன்னைய ஆரு அங்க பூசாரி வேல பாக்கச் சொன்னாங்க? சரி, அழுவாத. மஞ்சக் கறைதான? வெயிலு அடிக்குதா?”

“இல்லீங்க, மோடம் போட்டிருக்குது.”

“அது போட்டா போட்டுட்டுப் போவுது. நீ மொதல்ல நனைச்சுக் கொடியில போடு. வெயிலு வந்தாத் தன்னால போயிரும். வேலையப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்.”

எனக்கும் தெரிந்ததுதான். பயத்தில் மறந்துபோயிருந்தது. மஞ்சள் கறைக்கு மருந்து வெயில்தான்.

திரும்பி வந்து, “மேம், சூரியன் எடுத்துடும்” என்றேன். அவர் என்னை நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. பிரிண்டர்தான் எழுந்தார். கடைக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடத்தில், வேலிக் கம்பத்துக்கும் தன்னுடைய பிக்கப் வண்டிக்கும் இடையில் கயிறு கட்டினார். எலுமிச்சம்பழச் சாறு தடவினால் சீக்கிரம் போகும் என்று நான் சொன்னதும், மெக்ஸிகோ பலகாரமான டாக்கோ விற்கும் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பத்துப் பழம் வாங்கி வந்தார். எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தன.

“மஞ்சள் எலுமிச்சையும் இருந்துச்சு, சிஸ்டர். இன்னைக்கு நான் அதைத் தொடுறதா இல்ல” என்றார். ஐந்து நிமிடம் திட்டு வாங்கவிட்டவளிடம் அவர் முதலில் பேசியது அதுதான்.

பதினெட்டுச் சட்டைகளையும் சோப்பில்லாமல் அலசி, சாறு தடவி, கறை மேலே பார்க்கும்படி கிளிப் போட்டோம். வானம் சாம்பல் பூசினது போல இருந்தது. பத்து மணி, பத்தரை மணி. நீலக்கொடி கட்டிய கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் கையில் தண்ணீர் ஸ்பிரேயோடு கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றேன். என் தப்புக்கு அம்மனைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் கூப்பிட்டேன். எனக்கு வேறு யாரைக் கூப்பிடத் தெரியும்?

பதினொன்றேகாலுக்கு மேகம் விலகியது. டெக்ஸாஸ் வெயில் நவம்பரிலும் சுள்ளென்றுதான் அடிக்கும். வேலியின் நிழல் நகர நகர நாங்கள் பிக்கப்பை நகர்த்தி, கயிற்றையும் வெயிலுக்குத் தகுந்தபடி திருப்பினோம். காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். ஒரு மணிக்கு முதலாளியம்மா வெளியே வந்து, எனக்கும் ஒரு காபியை நீட்டினார். ஒரு சட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் பாதிதான் இருந்தது.

பிறகு அவராகவே சொன்னார். “இந்த வருஷம் ரெண்டு பேர் ஓரத்துக்கு வந்துட்டாங்க. பன்னெண்டும் எழுபதும். ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி இவர் எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? ‘நான் வரலேன்னா, என்னை நாப்பத்தி நாலுக்குப் பக்கத்துல போடு, அவன்தான் நல்லாக் கதை சொல்வான்’னார். அதனாலதான் ஹனி, காலையில நான் அப்படி ஆயிட்டேன்.”

தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். அவர் உள்ளே போய்ப் பிரிண்டரிடம் மன்னிப்புக் கேட்டது பின்கதவு வழியாகக் கேட்டது. நானும் அதன் பிறகு அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன்.

நான்கு மணிக்குப் பதினேழு சட்டைகள் பால் மாதிரி ஆகிவிட்டன. சோப்புப் பட்டுச் சிவந்த ஒன்று மட்டும், சிவப்பு போய், லேசான சந்தன நிறத்தில் நின்றுவிட்டது. முதலில் வைத்தது என்பதால் அதில் மஞ்சளும் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தேன். அது 61.

முதலாளியம்மாவின் கணவரான பெரியவர் வந்தார். நெட்டையான மனிதர், ஆபரேஷனுக்குப் பிறகு இளைத்து, கோட்டு தோளிலிருந்து தொங்கியது. முதலாளியம்மா நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சட்டையின் ஓரத்தை வெகு நேரம் பார்த்தார்.

“எதுக்காக வெச்சீங்க, மேம்?” என்று என்னைக் கேட்டார்.

“உங்க உடம்பு நல்லா இருக்கணும்னு.”

தலையை ஆட்டினார். “அதுக்கு மனசார நன்றி. ஆனா இதைப் போட்டுக்கிட்டு நான் நாளைக்கு நடக்க மாட்டேன்.”

“அஞ்சடி தள்ளி நின்னா யாருக்குத் தெரியும்?” என்றார் முதலாளியம்மா.

“எனக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியும்” என்று அவர் அந்தப் பொடி எண்களின் மேல் விரலை வைத்தார்.

எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. என் அம்மனுடைய மஞ்சளை ஒருவர் வேண்டாம் என்கிறாரே என்று. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. நான் வெள்ளிக்கிழமை விரதம் இருந்து சோர்ந்துபோயிருந்த ஒரு நாள், இதே முதலாளியம்மா ஓடிப்போய்ச் சிக்கன் சாண்ட்விச் வாங்கி வந்து நீட்டினார். நான் கும்பிட்டு வேண்டாம் என்றேன். அன்போடு கொடுத்தார் என்பதற்காக நான் சாப்பிட்டேனா? அவர் அதற்காக என்னிடம் முகம் கோணினாரா? பெரியவருக்கு அந்த வாரம் ஒரு விரதம். அவ்வளவுதான்.

வீட்டில் போன வருடத்துச் சட்டை இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றார் அவர். ஆனால் அதன் ஓரத்தில் பன்னிரண்டும் எழுபதும் இல்லை. பொடி எண்கள் அடிக்கும் அச்சுச் சட்டத்தைப் புதன்கிழமையே கழுவி வேறு வேலைக்கு எடுத்தாயிற்று. அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு நடக்க அவருக்கு மனசில்லை என்பது தெரிந்தது.

“நான் நீல நூல்ல தைச்சுத் தரட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். “தைங்க” என்றார்.

முதலாளியம்மா வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை எடுத்து வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். ஊசியில் நூலைக் கோத்த பிறகு கை நின்றது. தைக்கும்போது என் வாய் தானாகச் சாமி பெயரைச் சொல்லும். அது என் பழக்கம். காலையில் பட்டது போதாதா?

“ஐயா, தைக்கும்போது நான் வேண்டிக்கலாமா? உங்களுக்கும், இந்த ரெண்டு பேருக்கும்?”

பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார். “தாராளமா. எதையும் பூசாம இருந்தாச் சரி.”

பிரிண்டர் உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தார். முதலாளியம்மாவும் சிரித்தார். நான் ஒன்று, இரண்டு, ஏழு, சுழி என்று நான்கு இலக்கங்களையும் பொடித் தையலில் போட்டேன். அரை மணி நேரமானது. அவர் அதைத் தடவிப் பார்த்து, “எழுபது இவ்வளவு அழகா நின்னு நான் பார்த்ததில்ல. குண்டன் அவன்” என்றார்.

மறுநாள் முதலாளியம்மா என்னையும் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மைதானத்தில் பாதி நீலம், பாதி மஞ்சள். கத்தல் காதைப் பிளந்தது. இடைவேளையில் அந்தப் பதினெட்டுப் பேரும் வரிசையாக நடந்து வந்தார்கள். பெரியவர் மெதுவாக நடந்தார். மற்றவர்கள் அவருடைய நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். நடுவில் வந்து நின்றதும், எல்லோரும் சட்டையின் கீழ் ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். வெயில் மட்டும் வராமல் இருந்திருந்தால், அத்தனை பேருக்கு முன்னால் காட்டியிருப்பது என் மஞ்சளைத்தான்.

அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் கத்தல் அடங்கியது. மஞ்சள் சட்டைக்காரர்கள் மொத்தப் பேரும் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். “அவங்களும் ஒவ்வொரு வருஷமும் நிப்பாங்க” என்று முதலாளியம்மா என் காதருகில் சொன்னார். வாரம் முழுக்க அந்த நிறத்தைக் கண்டாலே முதுகைத் திருப்பினவர், அப்போது அந்தப் பக்கத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆட்டத்தில் எங்கள் ஊர் தோற்றுவிட்டது. திங்கட்கிழமை பிரிண்டர் மட்டும், “சிஸ்டர், உண்மையைச் சொல்லு, உங்க சாமி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். மற்றபடி யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் வேலையும் போகவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கணவருக்கு வேலை மாறி நாங்கள் டாலஸை ஒட்டிய காப்பெல் பக்கம் வந்துவிட்டோம். பெரியவர் இன்னும் மூன்று நவம்பர்கள் நடந்தார். 2001-இல் முதலாளியம்மா போன் செய்து, 61-ஐ அவர் கேட்ட இடத்திலேயே, 44-க்குப் பக்கத்தில், போட்டுவிட்டதாகச் சொன்னார்.

அம்மன் மேல் எனக்குள்ள பக்தி அன்றைக்குக் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் யார் நெற்றிக்காவது திருநீறு வைக்கக் கையை நீட்டும்போது ஒரு நொடி நிறுத்தி, “வைக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்; வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்களுக்காகவும் அதே அளவு மனதோடு வேண்டிக்கொண்டு கையை மடக்கிக்கொள்ள எனக்கு இப்போது முடிகிறது.